பிடி போட்ட வீடு

இரும்பைப் பற்றி என்னிடம் ஒருவரும் கதை விட முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சைக்கிள் கரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் பழைய இரும்பு பொறுக்கித் திரிந்தவன். இன்றைக்குக் கண்டி வீதியில் சீமெந்தும் கம்பியும் விற்கிற கடை இருக்கிறது, கடைக்குப் பின்னால் இரும்பு வளவு இருக்கிறது, உழவு மிசின் இருக்கிறது. ஒருவரும் தூக்கிவிட்டு நான் எழும்பவில்லை. ஒரு துண்டைத் தட்டிப் பார்த்தால் அது வார்ப்போ தகடோ என்று சொல்லுவேன். கொழும்பு லொறிக்காரன் தராசில் விளையாடினால் கண்ணாலேயே பிடிப்பேன்.

இவ்வளவு தெரிந்த நான், ஒரு சாமானை எப்படிப் பார்க்கவேண்டும் என்று ஒருத்தியிடம்தான் கண்டேன். ஊரில் அவளுக்குப் ‘பிடிக்காரி’ என்று பட்டம். சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவள் விரும்பமாட்டாள்.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்த காலத்தில் எங்கள் பக்கத்துக்குக் உதவியென்று கணினிகள் வந்து குவிந்தன. கூரை போட்டு முடியாத பள்ளிக்கூடத்துக்கும் வந்தது, கரண்ட் வராத சனசமூக நிலையத்துக்கும் வந்தது. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். பிறகு மாரி மழை வந்தது, இடிமின்னல் வந்தது, கறையான் வந்தது. சில வருடங்களில் எல்லாம் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எனக்கு முன்னால் கை தூக்க ஆள் இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை, எறும்புக் கூடு, ஒரு தடவை பாம்புச் செட்டை. பச்சை அட்டையும் செம்பும் அலுமினியமும் கொழும்புக்கு லொறி ஏறும். மிஞ்சுகிற தகரப் பெட்டிக்கு மதிப்பில்லை. வளவின் மூலையில் எறிந்துவிடுவேன்.

அந்த மூலைக்குத்தான் அவள் வந்தாள். ஒல்லியான ஆள். பாவாடைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை. வலது தோள் இடது தோளைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும்.

“அண்ணை, உந்தப் பெட்டியள் தருவியளோ?”

“எடு பிள்ளை. குப்பைதானே.”

அவள் எடுக்கவில்லை. ஒரு பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கினாள். வாசல் படலை வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்து வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள், நடந்தாள், வந்தாள். என் வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் புதிது மாதிரி மினுங்கின பெட்டியை விட்டுவிட்டுக் கறள் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

“என்ன பிள்ளை, நல்லதை விட்டிட்டுக் கறளை எடுக்கிறாய்?”

“கறளைத் தேய்க்கலாம் அண்ணை. பாரத்தைத் தேய்க்கேலாது.”

அவள் போனதும் அந்த மினுங்கல் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். பாரம்தான்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தாள். அவள் வீட்டுக்கும் போனேன். வீடென்றால் தகரக் கொட்டில்தான், ஆனால் காணி நல்ல காணி, வீதிக்குக் கிட்ட. வெளிநாட்டில் இருக்கிற ஒருவருடையது. சனம் திரும்பி வந்தபோது பற்றைக் காடாய்க் கிடந்ததை அவள்தான் வெட்டித் துப்புரவாக்கினாள். தூர்ந்துபோன கிணற்றை அவள்தான் இறைத்தாள். “இருந்து பாத்துக்கொள்ளுங்கோ தங்கச்சி” என்று காணிக்காரர் ரெலிபோனில் சொல்லியிருந்தார். மகள் ஒருத்தி, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஆட்கள் அவ்வளவுதான்.

உள்ளே போனால் வீடு முழுக்க என் வளவு. கணினிப் பெட்டியின் உட்பக்கம் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி அடுப்பாக்கியிருந்தாள். பின்னால் அதே பெட்டியின் சின்னக் காற்றாடி, பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியில் ஓடும். ஈர விறகும் சொன்னபடி கேட்டு எரியும். பழைய கணினித் திரையின் பெரிய கோதுக்குள் வைக்கோல் போட்டுக் கோழி அடை இருந்தது. ஹார்ட் டிஸ்கின் கண்ணாடி போன்ற தட்டுகளைக் கழற்றிச் சுவரில் வைத்து முகம் பார்த்தார்கள். அதற்குள்ளிருந்த காந்தத்தில் ஊசிகளும் கத்தியும் ஒட்டிக்கொண்டு நின்றன. கணினியின் சூடு தணிக்கிற அலுமினியத் துண்டின்மேல் சோற்றுப் பானை. கச்சான் கடலைப் பாத்திக்கு மேலே பழைய சீடிகள் கட்டித் தொங்கின. வெயிலில் அவை திரும்பும்போது மயில்கள் பயந்து விலகும்.

ஆனால் ஆளைப் பிடித்து நிறுத்துவது அதுவல்ல. எல்லாவற்றுக்கும் தூக்குகிற பிடி இருந்தது. பழைய கரண்ட் வயர் மூன்றைத் தலைமயிர் பின்னுவதுபோலப் பின்னி, பெட்டியின் காற்று ஓட்டைகளுக்குள்ளால் விட்டு முடிச்சுப் போட்டிருப்பாள். அடுப்புக்குப் பிடி. கோழி அடைகாக்கும் பெட்டிக்குப் பிடி. தண்ணீர் வாளி வைக்கும் மேடைக்குப் பிடி. சாமிப்படம் வைத்திருந்த பெட்டிக்கும் பிடி.

அயலில் இருந்த ஒரு ரீச்சர் அவளிடம் சுவர்க்கடிகாரம் ஒன்று செய்து கேட்டா. மினுங்குகிற தட்டில் முள்ளுப் பூட்டி வடிவாகச் செய்து கொடுத்தாள். மேலே கறுப்பு வயரில் ஒரு பிடி.

“சுவரில கொழுவுற மணிக்கூட்டுக்குப் பிடி என்னத்துக்கு?” என்று ரீச்சர் சிரித்தா.

“சுவரைக் கொண்டுபோகேலாது ரீச்சர். அதுக்குத்தான்.”

ஒரு வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்கமுதல் அதை ஒரு சாண் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இருப்பாள். வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகப் போகும். என் மனிசி கொஞ்சம் மொத்தமான ஆள். “உவள் என்னைத் தூக்கிப் பாக்க முதல் நான் குசினிக்குள்ள போறன்” என்று அடுப்படிக்கு நழுவுவாள்.

என் கடைக்கு அவள் ஒரு காசுப்பெட்டி செய்து தந்தாள். இன்றைக்கும் அதில்தான் காசு போடுகிறேன். நான் ஒருவரிடமும் ஓசி வாங்காதவன். பதிலுக்கு வளவில் கிடந்த இரும்பு அலுமாரி ஒன்றைத் திருத்தி, வர்ணம் அடித்து, உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். அவள் அலுமாரியைச் சுற்றி வந்தாள். அடியில் கையைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

“நல்ல அலுமாரி அண்ணை. ஆனா இது என்னோட வராது.”

“ஏன் வரவேணும்? நிக்கட்டும். அலுமாரி நிக்கிறதுக்குத்தானே?”

அவள் சிரித்தாள். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். அலுமாரியை இரும்பு அறுக்கிற வாளால் குறுக்கே அரிந்து இரண்டாக்கி வைத்திருக்கிறாள். மேல் துண்டுக்கு ஒரு பிடி, கீழ்த் துண்டுக்கு ஒரு பிடி. 

“விசரே உனக்கு? அலுமாரியை ஆரும் வெட்டுவினமோ?”

“கோவிக்காதேங்கோ அண்ணை. முழுசா நிண்டது உங்கட அலுமாரி. இப்பதான் என்ர.”

“அது எப்பிடி?”

“தூக்கேலாட்டி அது என்ர இல்லை.”

இந்த வசனத்தைப் பிறகும் பல தடவை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது விசர்க்கதை. என்னிடம் இருப்பதெல்லாம் தூக்க முடியாத சாமான். கட்டடம், காணி, மிசின். தூக்க முடியாததைச் சேர்ப்பதுதான் முன்னேற்றம் என்று நினைத்தவன் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த மார்கழியில் குளம் நிரம்பி வான் பாய்ந்ததே, அன்றைக்கு மட்டும் அப்படி நினைக்கவில்லை.

விடியற்காலையில் வெள்ளம் ஊருக்குள் வந்தது. என்னிடம் மிசின் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், கத்துவதற்கு நான் இருந்தேன். இருந்தும் பின் கொட்டிலில் அடுக்கியிருந்த சீமெந்து அத்தனையும் தண்ணீர் குடித்துக் கல்லாய்ப் போயிற்று. நனைந்த சாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மேல் வகுப்பு விறாந்தையில் அவள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அடுப்பு, அரைவாசி அலுமாரி, மற்ற அரைவாசி, சாமி, கோழிப் பெட்டிக்குள் கோழிகள். தாயும் மகளும் இரண்டு நடையில் வீட்டைக் கொண்டுவந்து முடித்துவிட்டார்கள். ஒரு கரண்டிகூட வெள்ளத்தோடு போகவில்லை. ஊர்ச் சனம் முழுக்க அவள் அடுப்பில்தான் தேத்தண்ணி குடித்தது. பிடியைப் பார்த்துச் சிரித்த ரீச்சர், மணிக்கூட்டைப் பிடியில் தூக்கிக்கொண்டு வந்து நின்றா.

அன்று பின்னேரம் எனக்கும் ஒரு கோப்பை தந்துவிட்டு, காற்றாடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நான் சும்மா பகிடியாகச் சொன்னேன்.

“ஓட்டப்போட்டிக்கு நிக்கிற மாதிரியெல்லோ பிள்ளை நீ எப்பவும் நிக்கிறாய்.”

அவள் சிரிக்கவில்லை.

“சண்டையில ஓடின அந்தக் கடைசி ஓட்டத்தில தையல் மிசினை விட்டனான் அண்ணை. சீதனத்துக்குத் தந்த மிசின். பிறகு அம்மியை விட்டனான். பெட்டை, என்ர மகள், இடுப்பில. பிறகு இவரை விட்டனான்.”

நான் கோப்பையை வாயிலிருந்து எடுத்தேன்.

“தொடையில காயம். நல்ல உயரமான, பெரிய உடம்பு. கமக்கட்டுக்குள்ள கை குடுத்து இழுத்துப் பாத்தன். இரத்தத்தில வழுக்குது. சட்டையில பிடிச்சு இழுத்தன், சட்டைதான் கையோட வந்தது. ‘பெட்டையைக் கொண்டு போ’ எண்டார்.” அடுப்புக்குள் ஒரு கொள்ளியைத் தள்ளினாள். “ஒரு மனுசனில எங்க அண்ணை பிடிக்கிறது? எங்க பிடி இருக்கு?”

பிறகு மகள் கூப்பிட எழும்பிப் போய்விட்டாள். அதைப் பற்றி அவளும் மறுபடி கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் போட்டுத் திரிகிற சட்டை யாருடையது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மகள் வளர்ந்தாள். கெட்டிக்காரி, நிறம் கொஞ்சம் குறைவு, வாய் கொஞ்சம் கூட. ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனாள். அங்கே போகிற வழியில் லொறி ஓட்டுகிற ஒரு பெடியனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. பெடியனின் தாய் சம்மதித்துப் பெண் பார்க்க வந்தா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு வேண்டும், மாப்பிள்ளை வந்து இருப்பார். ஆகவே வந்தவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னம் வீட்டைப் பார்ப்பார்கள். பெரிய மனுசனாக என்னையும் பிடிக்காரி கூப்பிட்டிருந்தாள்.

பெடியனின் தாய் உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தா. மூக்குத்தி மினுங்க அடுப்பைப் பார்த்தா, வெட்டிய அலுமாரியைப் பார்த்தா.

“என்ன இது, எல்லாத்துக்கும் காது வைச்ச மாதிரி?”

“பிடி,” என்றாள் இவள்.

“நாளைக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுற ஆக்களின்ர வீடு மாதிரியெல்லோ இருக்கு. என்ர பிள்ளையை இதுக்குள்ள எங்க வைக்கிறது? அவனுக்கும் ஒரு பிடி போடுவியளோ?”

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது பெடியனின் தாய் முடிவாகச் சொன்னா: “நிலைச்ச மாதிரி ஒரு குசினியாவது கட்டிப்போட்டுச் சொல்லி அனுப்புங்கோ. பிறகு நாள் வைப்பம்.”

அவர்கள் போனதும் மகள் வந்து தாயின் முன்னால் நின்றாள்.   

அடுத்த நாள் தாய் என் கடைக்கு வந்தாள். காணிக்காரரோடு கதைக்கவேண்டும் என்றாள். என் ரெலிபோனில் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். காணிக்காரர் நல்ல மனுசன் என்று ஊரில் பேர். கோயில் வாசலில் கருங்கல்லில் அவருடைய பேர் வெட்டியிருக்கிறது.

“ஒரு குசினி கட்டப்போறன் அண்ணை. கல்லால. உங்களுக்குச் சம்மதமோ?”

“தாராளமாக் கட்டுங்கோ தங்கச்சி. அந்தக் காணியைக் காடாகாமல் காப்பாத்தினதே நீங்கள்தானே. உங்கட வீடு மாதிரி நினைச்சுச் செய்யுங்கோ.”

நான் அவளைப் பார்த்து மீசையைத் தடவினேன். “கேட்டியோ? இனியென்ன? இனியும் ஓடுறதோ? கட்டு பிள்ளை. சீமெந்து என்ர.”

அவள் கடைக்குப் பின்னால் வளவு மூலைக்குப் போனாள். பெட்டிகளைத் தெரிந்தெடுத்தாள். ஒரே அளவு, ஒரே உயரம், நெளிவில்லாதது. நான் கணக்குக் கொப்பியை விட்டுவிட்டு எழும்பிப் போய்ப் பார்த்தேன். அவள் ஒன்றையும் தூக்கிப் பார்க்கவில்லை. காலால் தள்ளி ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு காலத்தில் அதை நான் முதன்முதலாகக் கண்டேன். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தக் குசினியைப் போல ஒன்றை நான் வேறெங்கும் காணவில்லை. நானும் பணக்கார வீடுகள் பார்த்தவன்தான். சுவர் எழும்ப எழும்பக் கல்லுக்குப் பதிலாகப் பெட்டிகளை வரிசையாக வைத்துச் சீமெந்தில் இறுக்கினாள். பெட்டியின் பக்கத் தகடுகளே கதவு. திறந்தால் உள்ளே தூள், பருப்பு, சீனி, கோப்பை. ஒரு சாமான் வெளியே தெரியாது. புகை போகக் கூண்டு. அச்சு மிசினின் இரும்புக் கம்பியில் அகப்பைகள் தொங்கின. மகள் விசைப்பலகையின் எழுத்துகளைக் கழற்றிக் கதவுகளில் ஒட்டினாள். உப்புக்கு யூ, மிளகாய்த் தூளுக்கு எம், சீனிக்கு எஸ். “எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது, இனி என்ர குசினியிலயே நான் சீனி தேடவேணும்” என்று தாய் முறைப்பட்டாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

பால் காய்ச்சினோம். நான்தான் முதல் கல் வைத்தவன், ஆகவே முதல் கோப்பையும் எனக்கு. அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். குசினிக்குள் எங்கேயும் ஒரு பிடியில்லை. பெடியனின் தாய் வந்து பார்த்துவிட்டு, “ம்ம்” என்றா. அந்த ஒரு ‘ம்ம்’முக்காகத்தான் இவ்வளவும். ஆவணியில் நாள் வைப்பதாகப் பேச்சு.

ஆவணிக்கு முன்னம் கோயில் திருவிழா வந்தது. காணிக்காரரும் வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி. அவளுடைய புதுக் குசினியில் அவருக்கு விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தாள். இடியப்பம், சொதி, மீன் குழம்பு. கதவு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, “அபாரம், அபாரம்” என்றார். ரெலிபோனில் படமும் பிடித்தார். மறுமுறையும் இடியப்பம் போடச் சொல்லிச் சாப்பிட்டார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தங்கச்சி, ஒரு விஷயம். காணியைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கிறார். கலியாண மண்டபம் போடப்போறாராம். ரோட்டுக் காணிதானே. நான் ஓம் எண்டிட்டன்.”

அவள் இடியப்பத் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள். மகள் கதவடியில்.

“அவசரமில்லை. ஆறுதலா வெளிக்கிடுங்கோ.” சிரித்துக்கொண்டு, கதவுக்கு அப்பால் கொட்டிலில் நின்ற அலுமாரித் துண்டைக் காட்டினார். “உங்கட சாமானுக்கெல்லாம் பிடி இருக்குத்தானே. உங்களுக்குச் சுகம்.”

அந்த மனுசன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பகிடி என்று நினைத்துச் சொன்னார்.

என் வாழ்க்கையில் நான் பேரம் பேசித் தோற்றதில்லை. எழும்பினேன்.

“நீர் அண்டைக்கு ரெலிபோனில சொன்னனீர். நான் பக்கத்தில இருந்தனான்.”

“கட்டச் சொன்னனான் அண்ணை. காணியைத் தந்தனான் எண்டு சொன்னனானோ?”

“அப்ப எனக்குத் தாரும். அவர் தாறதை நான் தாறன்.”

“வாக்குக் குடுத்திட்டன் அண்ணை. வாக்கு மாறக்கூடாது.”

“அப்ப இவளுக்குக் குடுத்தது?”

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “அது கதைச்சதுதானே,” என்றார்.

அன்றைக்குத் தோற்றேன். இரும்பு வளவில் கத்திப் பழகிய தொண்டை அந்தக் குசினிக்குள் ஒன்றுக்கும் உதவவில்லை. சட்டம் தெரிந்தவர்களிடம் போனேன். அவர்களும் காணி யாருடையது என்றுதான் கேட்டார்கள். காட்டை வெட்டியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் கடைக்குப் பின்னால் ஒரு துண்டு தருகிறேன், வந்து இரு என்று சொன்னேன். மனிசியும் சொன்னாள். அவள் மாட்டேன் என்றாள்.

“உங்கட காணியில என்ர சாமானை வைக்கலாம் அண்ணை. இனி ஆரின்ர காணியிலயும் என்னை வைக்கேலாது.”

பெடியனின் தாய் ஒரு வரி சொல்லி அனுப்பினா: வீடு வந்த பிறகு பார்ப்போம். பெடியன் கொஞ்ச நாள் வந்து போனான். பிறகு அவன் லொறி வேறு பாதையால் ஓடியது.

வெளிக்கிட்ட நாளில் என் மிசினை அனுப்பி, நானும் போனேன். ஏற்றுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. தாயும் மகளும் பிடி பிடியாகத் தூக்கி வைத்தார்கள். கோழிகள் அவற்றின் பெட்டிக்குள் இருந்து கொக்கரித்தன. அரைவாசி அலுமாரி, மற்ற அரைவாசி, சாமி. கண் மூடித் திறக்கமுதல் வீடு மிசினில். குசினிக்குள் போய் அவள் ஒவ்வொரு கதவாகத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்து, மூடினாள். எல்லாக் கதவும் மூடி முடிய, மகள் தாயைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் போடவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள்.

“நாங்கள் எப்பவும் வெளிக்கிட நிக்கிற ஆக்கள் எண்டு உங்கட பிடியள்தான் அம்மா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது. அதாலதான் எங்களைக் கலைச்சு விடுகினம்.”

தாய் மிசினில் ஏறி, அடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஜெயபுரத்தில் அவளுடைய தங்கச்சி இருந்தாள். தங்கச்சியின் காணியில் ஒரு மூலையை இவள் மகளின் பேருக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். அங்கே போனார்கள்.

மண்டபம் எழும்பத் தொடங்கியது. சீமெந்துக்கு என் கடைக்கு வந்தார்கள். இல்லை என்றேன், அடுக்கி வைத்த மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு. பக்கத்துக் கடையில் வாங்கினார்கள். மண்டபம் ஒரு நாளும் பிந்தவில்லை. இப்போது அங்கே ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மேளம் அடிக்கிறது. சாப்பாட்டுப் பந்தி போடுகிற இடம் அவளுடைய குசினி நின்ற இடம்தான். மனிசி போவாள். நான் மொய்யை அனுப்பிவிட்டு நின்றுவிடுவேன்.

குசினியை இடித்தபோது இரும்பென்று நினைத்து ஒரு சுவர்த் துண்டை என் வளவில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார்கள். மூன்று பெட்டிகள் சீமெந்தில் இறுகினபடி. உடைத்து எடுத்தால் தகரம், தகரத்துக்கு மதிப்பில்லை. மூலையிலேயே கிடந்தது. ஒரு கதவில் ‘எஸ்’ எழுத்து ஒட்டியபடி இருந்தது.

போன வருடம் மாரி தொடங்க முன்னம் ஒரு நாள் அவள் வந்தாள். அதே சட்டை, தோள் இன்னும் இறங்கியிருந்தது. கையில் ஒரு சாக்கு.

“என்ன பிள்ளை, பெட்டிக்கோ?”

“இல்லை அண்ணை. விக்க வந்தனான்.”

எடுக்க வந்தவள் விற்க வந்தது அதுதான் முதல் தடவை. சாக்கை அவிழ்த்துக் கொட்டினாள். பின்னிய கறுப்பு வயர்கள். வளைந்த வாக்கிலேயே இறுகிப்போய், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. இரண்டு நுனியும் வெட்டுப்பட்டிருந்தது.

“ஆர் வெட்டினது?”

“பெட்டை. குறட்டால.”

“நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?”

“அவளின்ர பேரில எழுதின காணி. அவளின்ர வீடு. வெட்டட்டும் எண்டு விட்டன்.” சாக்கை உதறி மடித்தாள். “வயருக்குள்ள செம்பு இருக்குத்தானே அண்ணை. போட்டுப் பாருங்கோ.”

தராசில் போட்டேன். அவள் முள்ளைப் பார்க்கவில்லை. வளவு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நடந்து போனாள். சுவர்த் துண்டுக்கு முன்னால் நின்று, ‘எஸ்’ ஒட்டியிருந்த கதவைத் திறந்தாள். உள்ளே மழைத் தண்ணீர் நின்றிருந்தது. மூடினாள். குனிந்து, சீமெந்துக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். தூக்கினாள். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபக்கம் போய் நின்று இன்னொரு தடவை தூக்கினாள். அது அசையவில்லை.

நான் கிட்டப் போனேன்.

“விடு பிள்ளை. பெடியளைக் கூப்பிடுறன். மிசினில ஏத்தி ஜெயபுரத்தில உன்ர வாசலில கொண்டுவந்து போடுறன். நான் போடுறன் பார்.”

அவள் கையில் ஒட்டின மண்ணைச் சட்டையில் துடைத்தாள்.

“வேண்டாம் அண்ணை. என்ர எண்டால் வந்திருக்கும்.”

காசைக் கொடுத்தேன், சட்டைப் பைக்குள் வைத்தாள். மடித்த சாக்கைத் தராசுக்குப் பக்கத்திலேயே மறந்து விட்டுவிட்டாள்.  பெட்டி தூக்கிப் பார்க்கிற அதே பாதையால் படலை வரைக்கும் நடந்தாள். இந்தத் தடவை திரும்பி வரவில்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின. அவ்வளவு காலத்தில் அவள் என் வளவிலிருந்து வெறுங்கையோடு போனதை நான் கண்டது அன்றைக்குத்தான்.